குழிக்குள் எடுத்த போட்டோ

ஜூலை 3, வியாழன்

குழாய், கழிவுநீர் வேலையை அப்பா தன் பெயரிலேயே எடுக்க லைசென்ஸ் வேண்டும். படிவத்தை நிரப்புவது நான். எட்டாவது பாஸ் சர்டிபிகேட் கேட்டார்கள், கொடுத்தோம். கரண்ட் பில் கொடுத்தோம். இப்போது அனுபவச் சான்றாம்! பதினாறு வருடமாக அப்பா ஹார்டுவேர் கடை ஆறுமுகநயினார் அண்ணாச்சியின் லைசென்ஸில்தான் வேலை செய்கிறார். கடிதம் அவர்தான் தர வேண்டும். அப்பா போய்க் கேட்டதற்குச் சிரித்தாராம்.

"நீ தனியாப் போயிட்டா குழிக்குள்ள யாருவே எறங்குவா?"

ஜூலை 5, சனி

படிவத்தை மறுபடி படித்தேன். கடிதம் இல்லாவிட்டால் வேலை செய்யும் இடத்தில் எடுத்த போட்டோ போதுமாம். அப்பா போனில் ஒன்று இருக்கிறது. எர்ணாவூரில் மேன்ஹோலுக்குள் நின்று, கையில் கம்பியோடு அண்ணாந்து சிரிக்கிறார். இடுப்புக்கு மேல்தான் தெரியும். இதைவிட என்ன அனுபவம் வேண்டும்? அனுப்பிவிட்டேன்.

"சோக்கா கீது," என்றார் அப்பா.

ஜூலை 14, திங்கள்

பதில் வந்துவிட்டது. தபாலை வாங்கியது நான்.

விண்ணப்பத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கழிவுநீர்க் குழிக்குள் ஆள் இறங்கச் சட்டத்தில் தடை. இறக்கியவர் யார் என்று பதினைந்து நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அப்பாவைப் பிடித்துக்கொண்டு போவார்களா? அந்தப் போட்டோவை அனுப்பியது நான்தானே. கடிதத்தை ரெக்கார்டு நோட்டு அட்டைக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன்.

ஜூலை 15

தபால் வந்ததா என்று அப்பா கேட்டார். இல்லை என்றேன்.

ஜூலை 18, வெள்ளி

இன்றும் கேட்டார். தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாராம். "லைசென்சுக்கு பிரேம் கூட வாங்கிட்டாரு உங்க நைனா," என்று அம்மா சிரித்தாள். வாசலில் பைக் நின்றாலே போலீஸோ என்று பயமாக இருக்கிறது.

எரிச்சலாகவும் இருக்கிறது. தடை என்று அண்ணாச்சிக்குத் தெரியாதா? காகிதத்தில் அவர் பெயர், உள்ளே இறங்குவது அப்பா. ஏதாவது ஆனால் அப்பா அங்கே வேலை செய்தார் என்பதற்கே சாட்சி கிடையாது — அந்தப் போட்டோவைத் தவிர.

ஜூலை 24, வியாழன்

நாளைக்குப் பெரிய அடைப்பாம், பன்னிரண்டு அடி ஆழம். பழைய சட்டையை எடுத்துப் பையில் வைத்தார். என்னால் முடியவில்லை. கடிதத்தை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

இரண்டு தடவை படித்தார். அடிப்பார் என்று நினைத்தேன்.

"எத்தினி நாளா வச்சிகினு கீற?"

பத்து நாள் என்றேன். கடிதத்தை மடித்தார். பிறகு சொன்னார்: "தடைன்னு தெரியும் கண்ணு. எறக்கினவன் பேர கேப்பாங்கன்னுதான் தெரியாது."

ஜூலை 25

அப்பா இறங்கவில்லை. கடிதத்தோடு கடைக்குப் போய், அடைப்பெடுக்கும் வண்டியை வரச்சொல்லும்படி கேட்டிருக்கிறார். வண்டி வந்தது. அப்பாவை இனிமேல் வர வேண்டாம் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார்.

ராத்திரி அப்பா சொல்லச் சொல்லப் பதில் எழுதினேன். அண்ணாச்சி பெயர் வந்ததும் பேனா நின்றது.

"எழுது."

கையெழுத்தை அவரே போட்டார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆபீஸிலிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. பிரேம் பரண் மேல் இருக்கிறது. கிடைத்த சின்ன வேலைக்குப் போகிறார். இன்று எங்கள் தெரு ஃப்ளோரன்ஸ் அக்கா வீட்டுக்குத் தண்ணீர் பைப் இழுத்தார். படிவத்தில் சேர்க்கப் புதுப் போட்டோ வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்.

சிரிக்கவா என்று கேட்டார். உங்க இஷ்டம் என்றேன். சிரிக்கவில்லை. தெருவில் பைப்பைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நிற்கிறார். செருப்பு வரைக்கும் தெரிகிறது.