கத்தியும் சாக்கும்

அன்புள்ள மகன் ராஜாவுக்கு, தாபோடியிலிருந்து அம்மா எழுதுவது. நானும் உன் மகள் தீபாவும் இங்கே சுகம், என் முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. மஸ்கட் வெயிலில் நீயும் மருமகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

போனில் சொன்னால் நீ நடுவில் குறுக்கிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். போலீஸ் ஸ்டேஷன் பக்கம் போகாதே அம்மா என்று நீ சொன்னாய், நான் செவ்வாய்க்கிழமை போய்விட்டு வந்துவிட்டேன். ரேஷன் கடை வாசலில் அந்த மாதவ் என் போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான், நான் விழுந்தேன், ஜனங்கள் அவனைப் பிடித்துப் போலீசில் கொடுத்தார்கள், இதெல்லாம் உனக்குத் தெரியும். அன்றைக்குப் பயத்தில் எனக்கு இந்தி வரவில்லை, நாற்பது வருஷம் பேசிய இந்தி எங்கே போனதோ, தமிழிலேயே சொன்னேன், தீபாதான் போலீசுக்கு இந்தியில் சொன்னாள். கத்திக்கிட்டே வந்து பிடுங்கினான் என்றேன், அவன் வழி விடு வழி விடு என்று கூச்சல் போட்டுக்கொண்டுதான் வந்தான். தீபாவுக்குத் தெரிந்த கத்தி சமையலறைக் கத்தி ஒன்றுதான், சாக்கு கொண்டுவந்தான் என்று சொல்லிவிட்டாள், இந்தியில் கத்திக்கு அதுதானே பேர். வாக்குமூலம் எழுதிய போலீஸ்காரர் மராத்தியில் வாசித்துக் காட்டியபோது சாக்கு சாக்கு என்று என் காதிலும் விழுந்தது, கையில் அரிசிச் சாக்கு வைத்திருந்தேனே, அதைத்தான் சொல்கிறார் என்று தலையாட்டித் தமிழில் கையெழுத்தும் போட்டேன். ஆகவே பிள்ளையைத் திட்டாதே, பாதித் தப்பு என்னுடையது.

போன வாரம் மாதவ் பெண்டாட்டி அகல்யா துணியில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்தாள். பிரித்தால் வெங்காயம் நறுக்குகிற கத்தி. இங்கே எல்லோருக்கும் நான் ஆஜிதான், பாட்டி ஆகிவிட்டேனே. "ஆஜி, எங்க வீட்ல இருக்கிறது இது ஒண்ணுதான், அன்னிக்கும் இது அடுப்படியிலதான் இருந்தது. நீங்க எந்தக் கத்தியைப் பார்த்தீங்க?" என்றாள். தீபாவைக் கூப்பிட்டுக் கேட்டபோதுதான் அந்தச் சாக்கு என் அரிசிச் சாக்கு இல்லை என்று விளங்கியது. கத்தி காட்டிப் பறித்தால் ஏழு வருஷத்துக்குக் குறையாதாம், வெறும் கையால் பிடுங்கினால் மூன்று வருஷத்துக்குள்தானாம், அவள் வக்கீல் சொல்லியிருக்கிறார். போலீசுக்குக் கத்தி கிடைக்கவில்லை, ஓடும்போது ஆற்றில் எறிந்திருப்பான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. இல்லாத கத்தியை எந்த ஆற்றில் தேடுவது?

மூன்றாம் வீட்டுச் சுப்பையா அண்ணன், திருடனுக்கு வக்கீலாயிட்டியா சின்னம்மா என்று கிண்டல் பண்ணினார். வக்கீலுக்கு நான் படித்த அஞ்சாம் வகுப்பு பத்தாது, சாட்சிக்குப் பத்தும் என்றேன். ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் சாகேப் நாற்காலி போட்டு உட்காரவைத்தார், மரியாதையான மனுஷர்தான், ஆனால் அவன் ஏழு வருஷம் உள்ளே இருந்தால் உங்கள் ஏரியாவுக்குத்தானே நிம்மதி ஆஜி, ஏன் மாற்றுகிறீர்கள், யாராவது மிரட்டினார்களா என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். யாரும் மிரட்டவில்லை என்று சொல்லி, இந்தமுறை நானே இந்தியில் பேசினேன். "போனைப் பிடுங்கினான், என்னைத் தள்ளினான், அதுக்கு எவ்வளவு உண்டோ அவ்வளவும் கொடுங்க, ஒரு நாள்கூடக் குறைக்கவேண்டாம். கத்தி இல்லை. அதுக்கு ஒரு நாளும் கொடுக்காதீங்க." தீபா அழுதுகொண்டே நான்தான் தப்பாகச் சொன்னேன் சார் என்று எழுந்து நின்றாள். தன் தப்பைப் போலீசு முன்னால் ஒத்துக்கொள்ள எத்தனை பேருக்குத் தைரியம் வரும், நீ சொல்லு. புதிதாக எழுதினார்கள், ஒவ்வொரு வரியையும் இந்தியில் வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். பதினெட்டாம் தேதி கோர்ட்டில் கூப்பிட்டிருக்கிறார்கள், அங்கேயும் இதையே சொல்வேன். கத்தி வழக்கு நிற்காது என்று சர்க்கார் வக்கீலே சொல்லிவிட்டார். மாதவ் மேல் எனக்கு இரக்கம் என்று நினைக்காதே, என் முழங்காலுக்கு அவன் பதில் சொல்லியே ஆகவேண்டும். அகல்யாவிடமும் அப்படியே சொன்னேன், அவள் சரி ஆஜி என்று தலையாட்டிவிட்டுத்தான் போனாள்.

என்னோடு கோர்ட்டுக்கு வர, தீபா பதினெட்டாம் தேதிக்கு ஹிஞ்சேவாடி ஆபீசுக்கு லீவு போட்டிருக்கிறாள். இனிமேல் நீ அவளிடம் போனில் இந்தி பேசாதே, தமிழில் பேசு, அவள் திணறினாலும் விடாதே. மருமகளைத் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல். இருவரும் நீண்ட ஆயுளோடு, யாருக்கும் பயப்படாமல் வாழ என் ஆசீர்வாதம். எழுதியதை முதலிலிருந்து ஒருதரம் சத்தம் போட்டு எனக்கே வாசித்துக் காட்டிக்கொண்டேன். எல்லாம் நான் சொன்னதுதான், அதனால் கையெழுத்துப் போடுகிறேன்.

உன் அம்மா,
சின்னம்மா