ஆபீஸ் நேரத்தில் எரியும் கிரகம்

அன்புள்ள என் வாலுப் பெண்ணுக்கு, அம்மா எழுதுவது. நான், அப்பா, உன் தம்பி மூவரும் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போகப் பார்க்கிறது. நீ சௌக்கியமா என்று கேட்கப்போவதில்லை, கேட்டால் "சூப்பரா இருக்கேம்மா" என்பாய். போனில் பேசினால் சங்கடமான இடம் வந்ததும் உனக்கு சிக்னல் போய்விடும். கடிதத்துக்கு அந்த வியாதி கிடையாது, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நீ வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புமுன் எங்கள் எல்லோர் போனிலும் அந்த விண்வெளி விளையாட்டை ஏற்றிவிட்டு, ஆளுக்கொரு கிரகம் பிடித்துக் கொடுத்து, "பேச நேரமில்லேன்னாலும் பக்கத்துல இருக்கற மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாய். பக்கமாவது ஒன்றாவது, உன் கிரகத்தைக் கொண்டுபோய் வானத்தின் கடைக்கோடியில் வைத்துக்கொண்டாய். பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் வேலைக்கு நடுவே நானும் இதில் தேறிவிட்டேன். தூரத்துக் கிரகத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாது, ஆனால் ஆலை ஓடினால் சூடு வெளியே கசியும், அது நம் தொலைநோக்கியில் சிவப்புப் புள்ளியாகத் தெரியும், அதை வைத்து ஆள் இருப்பதைக் கண்டுபிடித்துப் போய் அடிக்க வேண்டும். உன் தம்பிக்கு இது மண்டையில் ஏறவில்லை. கிரகம் முழுக்க ஆலை கட்டி ஜெகஜோதியாக வைத்திருந்தான், எவனெவனோ வந்து அடித்துத் துவைத்துவிட்டுப் போனான். உன் அப்பாவோ வீட்டில் செய்வதைத்தான் அங்கேயும் செய்தார். நான் குளித்துக்கொண்டிருக்கும்போதே வெளியிலிருந்து விளக்கை அணைக்கிற மனிதர் கிரகத்தை மட்டும் சும்மா விடுவாரா? ஆலை வேலையை முடித்தால் அணை, ஜனங்கள் கண்ணசந்தால் அணை, "எதுக்கு தண்டமா எரியணும்?" என்று ஒரு கேள்வி வேறு. பாவம், அந்த ஜனங்கள் குளிரில் விறைத்துக் கிடந்தார்கள், ஆனால் யார் தொலைநோக்கியிலும் அவர் அகப்படவில்லை. பெரிய பெரிய சாம்ராஜ்யமெல்லாம் கவிழ்ந்தது, இவருடைய இருட்டுக் கடையை ஒருத்தனும் தொடவில்லை. அந்தப் பெருமையைத் தெருமுனை சலூன்வரை கொண்டுபோய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விளையாட்டில் ஆள் உட்கார்ந்திருந்தால்தான் ஆலை ஓடும், எழுந்து போனால் நின்றுவிடும், புள்ளி சாம்பல் நிறமாகிவிடும். இதுவும் நீ சொல்லிக் கொடுத்ததுதான். முன்பெல்லாம் உன் புள்ளி விடுமுறை நாளில்தான் சிவக்கும். இப்போது கொஞ்ச காலமாக உன் ஊரில் ஆபீஸ் திறக்கும் நேரத்துக்கு, அதாவது இங்கே விளக்கு வைத்தபின், எரிய ஆரம்பித்து, மூடும்வரை எரிகிறது. சம்பளம் கொடுக்கிறவனை ஏமாற்றுகிறாயே என்று முதலில் உன்னைத்தான் திட்டினேன். அப்புறம் ஒருநாள் "மீட்டிங்ல இருக்கேம்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்று செய்தி அனுப்பினாய், அதே நேரம் உன் கிரகம் அடுப்பு மாதிரி தகதகவென்று இருந்தது. மறுநாளும் மீட்டிங், மறுநாளும் அடுப்பு. அடி கள்ளி, வேலை போய்விட்டதா? போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு வாய் இல்லையா? நீ அந்த அறையில் தனியாக உட்கார்ந்து, சாப்பிட்டாயோ இல்லையோ, பகல் முழுக்க பொய் ஆலை ஓட்டிக்கொண்டிருப்பதை நினைத்து நினைத்து, கிளினிக்கில் டோக்கனை மாற்றி மாற்றிக் கொடுக்கிறேன்.

அப்பாவிடம் நான் மூச்சுவிடவில்லை. அவரே ஒரு நாள் போனைப் பார்த்துக்கொண்டு "இவ ஏன் ஆபீஸ் நேரத்துல எரியறா?" என்றார். நான் மடித்த துணியையே எடுத்து மறுபடி மடித்தேன். அடுத்த நாள் பார்த்தால் அவர் கிரகத்தில் அத்தனை ஆலையும் ஓடுகிறது, எல்லா விளக்கும் எரிகிறது, இத்தனை காலம் மிச்சம் பிடித்த மின்சாரத்தையெல்லாம் கொட்டி எரிக்கிறார். பைத்தியமா பிடிச்சிருக்கு, அடிக்க வருவாங்க என்றேன். "வரட்டும். அவ்வளவு தூரத்துக்குத் தெரியணும்னா இவ்வளவாவது எரியணும். நாம இங்கதான் இருக்கோம்னு அவ பாக்கட்டும்" என்றார். வந்தார்கள். முதலில் வந்து அடித்தது யார் தெரியுமா, பெற்ற பிள்ளை, உன் தம்பிதான். "வெளிச்சம் தெரிஞ்சா அடிக்காம என்ன பண்றது?" என்று சாப்பாட்டுத் தட்டோடு நின்று நியாயம் பேசினான். காரணத்தைச் சொன்னதும் முகம் சுண்டிப்போய், இருக்கிற நாலு ஓட்டைக் கப்பலையும் அப்பாவுக்குக் காவல் போட்டிருக்கிறான். ஆள் உட்கார்ந்திருந்தால்தானே ஆலை ஓடும், அதனால் உன் ஆபீஸ் நேரம் முழுக்க அப்பா போனைக் கீழே வைப்பதில்லை. தினமும் பாதிக் கிரகம் போகிறது, மிச்சத்தை எரிக்கிறார்.

வேலை இன்னொன்று கிடைக்கும். கிடைக்கும்வரை இங்கே வந்து இரு, உன் அறையில் தம்பியின் சைக்கிள்தான் குடியிருக்கிறது, அதைக் காலி செய்துவிடலாம். வர மனமில்லையென்றால் அங்கேயே இரு, ஆனால் பொய் சொல்லாமல் இரு. வேளைக்குச் சாப்பிடு. எந்தக் குறையும் உன்னை அண்டாது என் தங்கமே, நீ நூறு வயசு நன்றாக இருப்பாய். மறக்காமல் அப்பாவைக் கூப்பிடு, வாயில் மீட்டிங் என்று வந்தால் பிய்த்துவிடுவேன். இன்னும் எழுத நிறைய இருக்கிறது, ஆனால் அந்த மனுஷர் கொழுந்துவிட்டு எரிகிற கிரகத்தை ஒரு கையில் ஏந்தியபடியே வந்து, நான் எழுதுகிற அறையின் விளக்கை அணைத்துவிட்டுப் போகிறார்.

இப்படிக்கு,
இருட்டில் கையெழுத்துப் போடும்
உன் அம்மா