தசைநாண் வளர்த்த தங்கைக்கு

எனக்குப் பின்னால் பிறந்து, எல்லாவற்றிலும் எனக்கு முன்னால் போய்விட்ட என் மாலதிக்கு,

நேற்று உன் ஆய்வகத்தில் நாம் காத்திருந்தது நடந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் நேரே அதற்குப் போக மனம் வரவில்லை.

உயிரணு ஆராய்ச்சிக்கு முதலில் வந்தவள் நான்தானே? சிகாமட்டில் நம் சொந்தக்காரர்கள் யாருக்கும் அப்படியொரு படிப்பு இருப்பதே தெரியாதபோது அதில் சேர்ந்தேன். நீ பொறியியல் படித்துவிட்டு செனாயில் தொழிற்சாலை வேலைக்குப் போனாய். நல்ல சம்பளம், புதுக் கார். அப்போதெல்லாம் எனக்குப் பொறாமையே இல்லை.

ஒரு சனிக்கிழமை என்னைப் பார்க்க ஜொகூர் பாருவுக்கு வந்தவள், நான் தட்டில் வளர்த்த செல்களை நுண்ணோக்கியில் பார்த்தாய். தசையை எலும்போடு கட்டிவைக்கிற தசைநாணை வளர்த்து, அது அறுந்துபோனவர்களுக்குப் பொருத்த வேண்டும் என்பது என் ஆசை. செல்கள் வளர்ந்தன. நாண்தான் உருவாகவில்லை.

"என்னாக்கா, எல்லாம் கண்டபடி கெடக்கு?" என்றாய். "ஒடம்புக்குள்ள இது நாள் பூரா இழுபட்டுக்கிட்டே இருக்குமில்ல? இங்க சும்மா படுக்க வெச்சிருக்க."

"இழுக்கறதுக்கு மெஷின் இருக்கு. வாங்க முடியாது."

"வாங்க வேணாம் லா. செய்யலாம்."

செய்தாய். வேலையை விட்டுவிட்டு என் பேராசிரியரிடமே மாணவியாகச் சேர்ந்தாய். பிறகு முனைவர் பட்டம், வெளிநாடு, திரும்பி வந்ததும் சொந்த ஆய்வகம். நான் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் தாவிக்கொண்டிருந்தேன். "மாலதிய பாரு, ஒனக்கு அப்புறம் வந்தவ," என்பார் அம்மா, சோறு போட்டுக்கொண்டே.

கடைசி ஒப்பந்தமும் முடிந்தபோது நீதான் என்னைக் கூப்பிட்டு வேலை கொடுத்தாய். வருகிறவர்களிடமெல்லாம் "இவங்க எங்கக்கா" என்று அறிமுகப்படுத்துவாய். அன்பாகத்தான் சொன்னாய். எனக்கு எரியும்.

உனக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் அது அடங்கவில்லை. மருத்துவமனையில் உன் கட்டிலைச் சுற்றி மாணவர்கள் கண்கலங்கி நின்றார்கள். எனக்கு இப்படி யார் நிற்பார்கள் என்று தோன்றியது. சாகப்போகிற தங்கையைப் பார்த்துக்கூட ஒருத்தி பொறாமைப்படுவாளா?

நீ போன பிறகு ஆய்வகத்தை என் பொறுப்பில் விட்டார்கள். உன் மாணவி கவிதா எதற்கெடுத்தாலும், "டாக்டர் மாலதி இப்படிச் செய்ய மாட்டாங்க," என்பாள். உன் இயந்திரத்தில் நாண் உருவாகும், கொஞ்சம் பலமாக இழுத்தால் அறுந்துவிடும். செல்கள் முதலில் நன்றாக ஊன்றிக்கொள்ளட்டும், பிறகு இழுக்கலாம் என்று நான் சொன்னபோதெல்லாம் நீ சிரித்தாய், ஞாபகம் இருக்கிறதா? "ஒனக்கு எல்லாத்துக்கும் பொறுமைதான்கா." இந்த முறை கவிதா முகத்தைத் தூக்கிக்கொண்டாலும் நான் பொறுத்திருந்தேன். அதன்பிறகே இழுத்தோம்.

நேற்று எவ்வளவு இழுத்தும் அது தாங்கியது. "டாக்டர், அறுந்து போகல," என்றாள் கவிதா. நுண்ணோக்கியில் செல்கள், மேலிருந்து பார்த்தால் தெரியும் செம்பனைத் தோட்டத்து மர வரிசைகளைப் போல ஒரே திசையில் நின்றன.

சட்டென்று கதவுப் பக்கம் திரும்பினேன். நீ வர வேண்டும், பார்க்க வேண்டும், உன் முகம் கொஞ்சம் சுருங்க வேண்டும். என்னைப் பார்த்து நீ பொறாமைப்பட வேண்டும், ஒரே ஒரு தடவை. அதைக்கூட எனக்குக் கொடுக்காமல் போய்விட்டாயே மாலதி. வேறு யார் பொறாமைப்பட்டால் எனக்கென்ன?

சனிக்கிழமை சிகாமட்டுக்குப் போய் உன் அம்மாவிடம், என் சித்தியிடம், சொல்லப்போகிறேன். இயந்திரம் உன்னுடையது, வழி போட்டவள் நீ என்று ஒன்றையும் மறைக்காமல் சொல்வேன். அறுந்து போகாமல் வளர்த்தவள் நான் என்பதையும் சொல்வேன். அதை மட்டும் உனக்கு விட்டுத்தர மாட்டேன்.

உன் பெரியம்மா மகள்,
இன்னும் ஆறாத அக்கா,
புவனா