புதன்கிழமைத் தண்ணீர்

என் செல்லப் பாவாவுக்கு,

அக்காவைத் தனியாக விட்டுவிட்டு நீங்கள் போய்ச்சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. நீங்கள் பார்த்துவந்த தெருத் தண்ணீர் டேங்க்கின் சாவி இப்போது என் இடுப்பில்தான் தொங்குகிறது. சிரிக்காதீர்கள். "சுமதிக்கு நாற்காலி மேல ஏறினாலே தல சுத்தும்" என்று அக்காவிடம் என்னைக் கேலி செய்வீர்களே, அதே சுமதிதான் தினமும் காலையில் அந்த இரும்பு ஏணியில் ஏறுகிறேன். பாதி ஏணியில் உங்களைப் போலவே "அரோகரா!" என்று கத்துகிறேன். என் பயம் போகிறதோ இல்லையோ, கீழே குடத்தோடு நிற்கிறவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

தெரு வாட்ஸ்அப் குரூப்பின் முகப்பில் இன்னமும் உங்கள் படம்தான். கல்யாண வீடோ சாவு வீடோ, யார் வந்து கூடுதல் தண்ணீர் கேட்டாலும் "ஆங், வுடறேன்" என்பீர்கள். இல்லை என்று ஒரு நாள், ஒருவரிடம் சொன்னதுண்டா? அந்தக் குணத்துக்காகத்தான் உங்கள்மேல் எனக்கு இவ்வளவு பாசம். அதனால்தான் இப்போது கோபமும்.

புதன்கிழமை விஷயம்தான் பாவா. மற்ற நாளெல்லாம் காலையில் பிளீச்சிங் பவுடரைப் பக்கெட்டில் கரைத்து, தெளிந்த பிறகு மேல்தண்ணீரை மட்டும் தொட்டியில் ஊற்றுவீர்கள். புதன்கிழமை மட்டும் ஊற்ற மாட்டீர்கள். அன்று நம் தெருவில் நூலுக்குச் சாயம் போடுகிற நாள், பவுடர் தண்ணீர் பட்டால் சாயம் வெளுத்துப்போகும் என்று விட்டுவிடுவீர்கள். சாவி என் கைக்கு வந்ததும் நானும் அப்படியே விட்டுவிட்டேன். பாவா செய்ததைச் செய்தால் தப்பே வராது என்று ஒரு நம்பிக்கை.

போன மழையில் சாக்கடையை ஒட்டிப் போகிற பைப் விரிசல் விட்டிருக்கிறது. எனக்குத் தெரியாது. அதன் பிறகு வந்த ஒரு புதன்கிழமை அந்தத் தண்ணீரைக் குடித்து, ராத்திரிக்குள் நாலு வீட்டில் வாந்தி, பேதி. அதில் ஒன்று உங்கள் பேத்தி. பதறாதீர்கள், யாழினிக்குட்டி இப்போது நன்றாக இருக்கிறாள், நேற்றுகூட என் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஆனால் அன்றைக்குத் திருத்தணி ஆஸ்பத்திரியில் அவள் கையில் டிரிப்ஸ் ஏற நரம்பு கிடைக்கவில்லை. மூன்று வயதுக் கை, எவ்வளவு இருக்கும் சொல்லுங்கள்.

மறுநாள் விடியற்காலையில், நான் டேங்க் ஏறுவதற்கு முன்பே நர்ஸம்மா வந்து, தெருக்கடைசிக் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விட்டார். பவுடர் இருந்தால் மஞ்சளாக மாற வேண்டும். நிறம் மாறாமல் அப்படியே நின்றது. "நேத்து பவுடர் போட்டீங்களா, இல்லியா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் எதிர்வீட்டு ஏகாம்பரம் ஆரம்பித்துவிட்டார். "அவுரு இருந்த வரிக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆவல. இதுங்கைல சாவி குடுத்தாங்க, இப்ப கொழந்தைங்க ஆஸ்பத்திரில படுத்துகினு கீது." புதன்கிழமை பவுடர் வேண்டாம் என்று உங்களிடம் கேட்டவர்கள் அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள். விரலெல்லாம் சாயம். ஆளாளுக்குக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள்.

மறந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும் பாவா. திட்டு எனக்கு, நல்ல பேர் உங்களுக்கு என்று முடிந்திருக்கும். சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அடுத்த புதன்கிழமை என்ன ஆகும்? மறுபடியும் யாராவது வந்து வேண்டாம் என்பார்கள், உங்கள் பேரைச் சொல்லியே கேட்பார்கள். அக்கா எதிரிலேயே நின்றாள். அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டேன்.

"பாவாவும் புதங்கெழம போட மாட்டாரு. அவுரு செஞ்சதத்தான் நானும் செஞ்சேன். ரெண்டு பேரு செஞ்சதும் தப்பு."

கூட்டத்தில் சத்தம் கிளம்பியது. செத்தவர் மேல் பழி போடுகிறாளே என்றார் ஒருவர். அப்போது அக்கா முன்னால் வந்தாள்.

"ஆங், போட மாட்டாருதான். இன்னாத்துக்குன்னு கேளுங்க. என் செவப்பு நூலு ஒருவாட்டி திட்டுத்திட்டா வெளுத்துப்போச்சு. நான் அழுதுகினு இருந்தேன். அதப் பாத்துட்டுத்தான் நிறுத்துனாரு. அப்பறம் தெருவே வந்து கேட்டுது. கேக்கறதா இருந்தா என்னக் கேளுங்க, அவுர ஒண்ணும் சொல்லாதீங்க."

எனக்கு இது தெரியவே தெரியாது. சொல்லியிருக்கக் கூடாதா பாவா?

நர்ஸம்மா யாரையும் திட்டவில்லை. முந்தின நாளே தண்ணீரைப் பிடித்து வாயகன்ற அண்டாவில் மூடாமல் வெயிலில் வைத்தால் பவுடரின் வீரியம் குறைந்துவிடும், அதில் சாயம் போடலாம், குடிக்க மட்டும் கூடாது என்றார். "அவ்ளோதானா?" என்றாள் அக்கா. இத்தனை வருஷத்தில் நம்மில் ஒருவருக்காவது கேட்கத் தோன்றியதா? உங்களுக்கு? எனக்கு?

பைப்பை மாற்றியாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை தெருவில் வந்து பாருங்கள், வாசல் வாசலாக அண்டா. புதன்கிழமையும் பவுடர் போடுகிறேன், கடைசிக் குழாய்த் தண்ணீரில் மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சளாகிறது. "டீ கூட மருந்து வாசன அடிக்குது மே" என்கிறார் ஏகாம்பரம். "அடிக்கட்டும், குடிங்க" என்கிறேன். முறைத்துக்கொண்டே குடிக்கிறார்.

அக்காதான் சரியாக இல்லை. போன வாரம் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவள் கிண்ணத்தை வைத்துவிட்டு, "என்னாலதான கொழந்தைக்கு அப்டி ஆச்சு?" என்றாள். இல்லை என்று நூறு தடவை சொன்னேன். நீங்கள் சொல்லியிருந்தால் ஒரே தடவையில் நம்பியிருப்பாள்.

அவளைத் தனியாக விட மாட்டேன் பாவா, இது சத்தியம். இன்னொரு சத்தியமும் கேட்டுக்கொள்ளுங்கள். யார் வந்து கெஞ்சினாலும், அக்காவே வந்து அழுதாலும், ஒரு நாள்கூடப் பவுடரை நிறுத்த மாட்டேன். அவள் அழுததை நீங்கள் பார்த்தீர்கள். அழக்கூடத் தெம்பில்லாமல் உங்கள் பேத்தி கிடந்ததை நான் பார்த்தேன்.

இந்த ஒன்றில் மட்டும் உங்கள் பேச்சைக் கேட்காத,
உங்கள் மச்சினி சுமதி