ஒன்பதாம் வயலுக்குப் போட்ட கிடை

ஆகஸ்ட் 26, 2024

கல்லூரிப் பண்ணை நிலத்தில் விடுதி கட்டலாமா என்று பார்க்க நவம்பரில் பல்கலைக்கழகக் குழு வருகிறதாம். "பிள்ளைக அங்கன போறதே இல்லையேம்மா" என்றார் முதல்வர். பொய்யில்லை. போன வாரக் களப் பாடத்துக்கு முப்பது பேரில் பதினொரு பேர்தான் வந்தார்கள். அதிலும் நாலு பேர் வேப்பமரத்தடியில் செல்போனோடு. ஆனாலும் வயிறு எரிகிறது. பதினாறு வருஷம் இந்தக் கரிசலில் பாடம் நடத்தியிருக்கிறேன். விடுதியாம், விடுதி!

செப்டம்பர் 3

குழுவை நேரே ஒன்பதாம் வயலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக எருவும் உரமும் காணாத வயல். எரு போடும் எட்டாம் வயலோடு ஒப்பிட்டுப் பார்க்கவே அப்படி வைத்திருக்கிறோம். இந்த மாதிரி வயலை நினைத்தவுடன் உண்டாக்க முடியுமா?

எட்டாம் வயலுக்குக் கிடை போட பனவடலிசத்திரத்துப் பேச்சிராஜ் வருகிறார். ராத்திரி ஆடுகளை வயலில் அடைத்துவைத்தால் அதுவே எரு.

செப்டம்பர் 9

ஐயோ. ஐயையோ.

காலையில் போனால் ஒன்பதாம் வயலின் மேல்பாதி முழுக்க ஆட்டுப் புழுக்கை! பேச்சிராஜ் பட்டியைக் கீழ்ப்பாதிக்கு மாற்றிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் மறித்தேன்.

"எட்டுல நேத்தே முடிஞ்சிட்டு டீச்சர். இது மட்டும் சவலப்பிள்ள கணக்கா கெடக்கு. பாக்கப் பாவமா இருந்திச்சு, அதான்."

"அது அப்படித்தான் கெடக்கணும் அண்ணாச்சி!" கத்தியே விட்டேன்.

"நெலத்தப் பட்டினி போடவா ஒங்களுக்குச் சம்பளம் தாராவ?"

அறைக்கு வந்து அழுதேன். இருபத்திரண்டு வருஷம், ஒரே ராத்திரியில்!

செப்டம்பர் 10

யாரைக் கோபிக்க? அவரிடம் காரணம் சொன்னேனா? ஒரு பலகையாவது நட்டேனா?

செப்டம்பர் 12

வகுப்பில் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள், பாவிகள். பிறகு கடையநல்லூர் பாஜிலா எழுந்தாள். "பாதிதான மேடம் போச்சு? ஒரு ராத்திரிக் கிடை எத்தன வருஷம் தாங்கும்னு பாக்கலாம்லா?"

அட! ஏட்டி, எனக்கு ஏன் இது தோணல?

அக்டோபர் 4

சோளம் விதைத்தோம். முப்பது பேரும் வந்தார்கள்!

நவம்பர் 10

ஞாயிற்றுக்கிழமை. ஆனாலும் பாஜிலா கூட்டம் அளவுகோலோடு வயலில். கிடையின் பலன் எத்தனை வருஷம் என்று பந்தயமாம், தோற்றவர்கள் பிரியாணி வாங்கித்தர வேண்டுமாம். நானும் மூன்று வருஷம் என்று பெயர் கொடுத்துவிட்டேன். இந்த வயசில் எனக்கு இது தேவையா? தேவைதான்.

நவம்பர் 20

குழு வந்தது. ஒன்பதாம் வயலில் கோடு கிழித்த மாதிரி மேல்பாதி இடுப்பளவுக்குக் கரும்பச்சை, கீழ்ப்பாதி முழங்காலளவுக்கு மஞ்சள்.

"யாரோட திட்டம் இது?" என்றார் குழுத்தலைவர்.

நான் வாயெடுக்குமுன் பாஜிலா முந்திக்கொண்டாள். "பேச்சிராஜ் அண்ணாச்சி பாவம் பாத்துட்டாரு சார்."

எனக்கு உயிரே போய்விட்டது. அவளோ ஒன்றையும் மறைக்காமல் சொல்லி முடித்தாள். தலைவர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுக் கேட்டார், "சரி, எத்தனை வருஷம் தாங்கும்?"

"தெரியாது சார். தெரியணும்னா பண்ணை இருக்கணும்லா?"

நவம்பர் 29

விடுதி வேறு இடத்தில். பண்ணை இருக்கிறது! இருக்கிறது! முதல்வர் சொன்னதும் அவர் முன்னாலேயே அழுதுவிட்டேன். பரவாயில்லை.

ஆகஸ்ட் 30, 2025

மறுபடி கிடைக் காலம். ஒன்பதாம் வயலின் கீழ்ப்பாதியில் பாஜிலா கூட்டம் பலகை நட்டிருக்கிறது: "இந்த வயலுக்கு யாரும் இரக்கப்பட வேண்டாம்."

பேச்சிராஜ் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "கஷ்டந்தான் டீச்சர். பாத்துக்கிடுதேன்" என்று ஆடுகளை எட்டுக்கு ஓட்டினார். போகும்போது ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

எதற்கும் இருக்கட்டும் என்று, சாயங்காலம் பட்டி போடும்போது காவலுக்கு முதலாண்டுப் பிள்ளைகள் நாலு பேர் வேண்டும் என்றேன். பதினேழு பேர் வந்து நிற்கிறார்கள்.