மாடி மாமியின் நிபந்தனை

ஆவணி 11, சனிக்கிழமை.

சபாவில் ஆறு தடவை பார்த்த இசை நாடகம் நாளை மாலை டெலிவிஷனில் வருகிறது. எங்கள் தெருவில் மாடி வீட்டு மாமியிடம் மட்டும்தான் பெட்டி இருக்கிறது. காலையில் போய்க் கேட்டேன்.

"பேஷா வாங்கோ. ஆனா உங்காத்துக்காரி கூடவே பாடப்படாது."

மாமி சொன்னதில் தப்பில்லை. என் மனைவி கமலா சபாவிலேயே நடிகருக்கு அரை அடி முன்னால் பாடுகிறவள். பயந்துகொண்டேதான் அவளிடம் சொன்னேன். கோபித்துக்கொள்ளவில்லை.

"இன்னிக்கே பாடித் தீர்த்துட்டா நாளைக்கு வாயை மூடிண்டு பாக்கலாம்" என்றாள். சாயங்காலம் மாவரைத்துக்கொண்டே வரிசையாகப் பாடி முடித்தாள்.

உடனே மாடி ஜன்னலிலிருந்து மாமியின் குரல்: "ரெண்டாவது பாட்டை விட்டுட்டியேடி!"

கமலா மாவை வழித்தபடி என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள். அது நாளைக்காம்.