கிலோவைக் காதோடு சொன்ன கங்காணிக்கு

அண்ணே, இன்றைக்குக் கலவான ரோட்டில் தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லொறி வந்து நின்றது. டிரைவர் நான் விற்க வைத்திருந்த கொழுந்துச் சாக்கைத் தராசில் தொங்கவிட்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி கிலோவைக் கத்தினான். "எனக்குக் காது கேக்கும்பா" என்றேன். அவனுக்குச் சிரிப்பு. எனக்கோ பச்சைக் கொழுந்து வாசனையோடு உங்கள் நினைப்பு வந்துவிட்டது.

நீங்கள் எங்கள் மலைக்குக் கங்காணியாக இருந்தபோதுதான், அளவுக்கு மேல் பறிக்கிற கிலோவுக்குத் தனிக் காசு என்று தோட்டத்தில் சொன்னார்கள். யார் அதிகம் பறித்தாளோ அவள் பேரை நிறுவையில் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பது தோட்டத்தை நடத்தும் தொரையின் உத்தரவு. உங்களுக்கா சொல்லித்தர வேண்டும்? காமன் கூத்தில் பாடிய தொண்டையாயிற்றே. "மேல் லயத்துக்காரிதான் இன்னைக்கு ராணி!" என்பீர்கள். மறுநாள் கீழ் லயத்து வீடுகளில் இருக்கிறவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் பறிப்பார்கள். "ராணிக்குக் கிரீடம் எங்க அண்ணே? கூடையைக் கவுத்துக்கவா?" என்று நான் கேட்பேன்.

அந்த ராணிப் போட்டியில் ஒரு பழக்கம் நின்றுபோனது. பாக்கியம் அக்காவுக்குக் கை நோவு. பக்கத்து நிரைக்காரிகள் போகிற போக்கில் அவர் கூடையில் ஆளுக்கு ஒரு கை கொழுந்து போடுவோம். அதனால்தான் அவருக்கு முழுப்பேர் விழும். முழுநாள் சம்பளம் கிடைக்கும். ராணியாகப் போகிறவள் யாருக்குக் கொழுந்தை விடுவாள்? அக்காவுக்கு அரைப்பேர் விழ ஆரம்பித்தது. ஒருநாள் நிறுவை முடிந்த பிறகும் அவர் வெறுங்கூடையைப் பிடித்தபடி நகராமல் நின்றார். நீங்கள் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்.

அடுத்த நாளிலிருந்து அவரவர் கிலோவை அவரவர் காதோடு சொன்னீர்கள்.

"என்னா அண்ணே, பொண்ணு கேக்குறீங்களா?"

"வாயை மூடிக்கிட்டுப் பறி தங்கச்சி."

கொஞ்ச நாளில் அக்காவின் கூடையில் மறுபடியும் ஆளுக்கு ஒரு கை கொழுந்து விழுந்தது. ஆனால் தொரையின் கண்ணுக்குக் கிலோ குறைந்ததுதான் தெரிந்தது. காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் எல்லார் முன்னாலும், "ஏன் பேர் சொல்றதில்ல? சோம்பலா?" என்று கேட்டார். நீங்கள் அக்காவைப் பற்றி மூச்சு விடவில்லை. விட்டிருந்தால் அவரை வேலையை விட்டே நிறுத்தியிருப்பார்கள். தராசு வேறு ஆள் கைக்குப் போனது. உங்களுக்குப் புல் வெட்டுகிற வேலை.

அக்காவை இழுக்காமலே, "கங்காணி நல்லாத்தான் வேலை வாங்குறாரு தொரை" என்று நாங்கள் சொல்லியிருக்கலாம். அத்தனை பெண்கள் நின்றோம். வாயாடி என்று பேர் வாங்கிய நானும் நின்றேன். தலையைக் குனிந்துகொண்டு மலைக்கு ஏறினோம்.

கத்தியோடு போன நீங்கள் வழியில் என்னைப் பார்த்து, "என்னா தங்கச்சி, இன்னைக்குக் கேலி இல்லியா?" என்றீர்கள்.

நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். நான் இன்னும் அதற்கு ஒரு பதில் தேடிக்கொண்டிருக்கிறேன் அண்ணே.